புளி தின்ற கல்

களியக்காவிளையில் சமையல் மேடைக்குக் கறுப்பு கிரானைட் எடுக்கப் போன கல் கடையில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும், தலைமுடியைக்கூடச் சரியாக முடியாமல் வந்திருந்தார். பேசும்போதெல்லாம் முந்தானையால் எதிரே இருந்த கல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, மக வீட்டு அடுக்களையில நீங்க போட்ட வெள்ளை மார்பிளப் புளி வச்சுத் தேச்சுட்டேன். குத்துவெளக்கு மாதிரி மின்னும்னு நெனச்சேன். மங்கிப்போயி சொரசொரன்னு கெடக்கு. நாளைக்குப் புதுவீட்டுப் பால்காய்ப்பு."

"வெளக்கு பித்தளையாக்கும் அக்கா! மார்பிள் சுண்ணாம்பு இனம், புளி தின்னுரும்" என்றார் கடைக்காரர். "கழுவுனாப் போற கறையில்ல, கல்லே அரிச்சுப் போச்சு. மெஷின் போட்டுத்தான் தேய்க்கணும். ஆளு அடுத்த வாரந்தான் வருவான்."

"அதுக்குள்ள மாமியாக்காரி எம் மகளக் கொதறிருவா அண்ணே."

"நீங்கள்தான் செய்தீர்கள் என்று சொல்லிவிடுங்களேன்" என்றேன்.

முந்தானை நின்றது. "சொல்லாமலா இருப்பேன் சார்? மகளக் காப்பாத்தப் பொய் சொல்லுதேன்னுல்லா சொல்லுவாவ. முந்தி ரெண்டு தடவ அவ செஞ்சத நான் செஞ்சேன்னு பொய் சொல்லியிருக்கேன்."

அந்த அம்மா படியிறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை.