படித்த வீட்டுக் கடிதம்

எனக்குச் சந்தேகப் புத்தி. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்று தோன்றும். சிரிக்காவிட்டால் நிறையக் கலந்திருக்கிறார் என்று தோன்றும். அதை அப்போது நான் கூர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையெழுத்துப் பத்திரிகைக்கு ஆசிரியனாக இருப்பவனுக்கு அது கட்டாயம் வேண்டும் என்றும் நம்பினேன்.

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. சங்கரன்கோவிலில் அந்தப் பத்திரிகையை நடத்தியவர்கள் மூன்று பேர். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், இன்னொருவர் வக்கீல் குமாஸ்தா. மூன்றாவது நான், பி.ஏ. முடித்துவிட்டு உத்தியோகத்துக்கு மனுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தவன். மாதம் ஒரே ஒரு பிரதி. கதையும் கட்டுரையும் தேர்ந்தெடுத்து, நல்ல தாளில் எழுதி, நூல் கோத்துத் தைத்து வாசகசாலை மேஜையில் வைப்போம். ஊரில் எங்களுக்குக் கொஞ்சம் மதிப்பு இருந்தது. எங்களுக்குள் அதைவிட அதிகமாக இருந்தது.

ஒரு நாள் எங்கள் தெருத் தபால்காரர், எனக்கு வந்த கார்டோடு நாலு தாளையும் மடித்துக் கொடுத்தார். அவர் குருவிகுளம் பக்கத்து ஆள். குடும்பத்துக்கு ஆடு மேய்க்கிற தொழில். எட்டாவது முடித்துத் தபால் வேலைக்கு வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இருந்தாலும் அவர் என்னை ‘ஐயா’ என்பார், நான் அவரை ஒத்த வயசுக்காரனைப் போல ‘வே’ போட்டுப் பேசுவேன். அதில் எனக்கு ஒரு தப்பும் தெரிந்ததில்லை.

“ஒரு கதை எழுதியிருக்கேன்யா. பாத்துட்டுச் சொல்லுங்க” என்றார்.

கதை நன்றாக இருந்தது. அதுதான் வினை. ஒரு பெரிய வீடு. அங்கே தம்பியை அண்டி இருக்கிற ஒரு விதவை. அவளுடைய மகளைப் பினாங்கில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மகளிடமிருந்து கடிதம் வந்தால் வீட்டு ஆண்கள் பிரித்துப் படிப்பார்கள். நாலு பக்கத்தையும் படித்துவிட்டு, “சௌக்கியமாம்” என்று ஒரு சொல் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் அடுத்த கடிதம் வரைக்கும் காலம் தள்ள வேண்டும். மகள் எழுதியிருந்ததோ, புருஷன் அடிக்கிறான், யாராவது வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று.

படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். கையோடு சந்தேகமும் வந்தது. இந்த ஆளாவது, இதை எழுதுவதாவது!

“இது வங்காளத்துக் கதை. எவனோ மொழிபெயர்த்ததைப் பாத்துக் காப்பி அடிச்சிருக்காரு” என்றார் வாத்தியார். பதினைந்து நாள் வாசகசாலை அலமாரியைக் குடைந்தோம். பழைய வாரப் பத்திரிகைக் கட்டுகளையெல்லாம் அவிழ்த்துப் பார்த்தோம். கதை அகப்படவில்லை. அகப்படாததால் அவர் மேல் நம்பிக்கை வந்திருக்க வேண்டும். எங்களுக்கோ, ஆள் கெட்டிக்காரர், எங்கிருந்து எடுத்தார் என்று தெரியாமல் எடுத்திருக்கிறார் என்றுதான் பட்டது.

கடைசியில் அவரையே கூப்பிட்டு விசாரித்தோம்.

“நீரு எழுதுனதுதானா?”

“ஆமாய்யா.”

“பெரிய வீட்டுக்குள்ள நடக்குதது உமக்கு எப்படிவே தெரியும்?”

“அதைச் சொல்ல முடியாதுய்யா” என்றார். பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார். “சொல்ல முடியாதுன்னா என்ன அர்த்தம்? கவரைப் பிரிச்சுப் படிக்காரு. எழுத்துத் தெரியாத சனங்க வாசிச்சுக் காட்டச் சொல்லுவாவ, சரி. இது படிச்ச வீட்டுக் கதை. படிச்ச வீட்டுல எவ தபால்காரன்கிட்ட வாசிக்கச் சொல்லுவா?”

அந்தக் கேள்விக்கு மறுபேச்சே கிடையாது என்று எனக்குத் தோன்றியது. ஆண்கள் ஆபீஸுக்குப் போகிற வீட்டைத்தான் ஊரில் படித்த வீடு என்பார்கள். எங்கள் வீடும் அதில் ஒன்று. அப்பா தாலுகா ஆபீஸில் ஹெட்கிளார்க்.

கையெழுத்தில்லாத மொட்டைப் பெட்டிசன் ஒன்று தயாரானது. இன்ன தபால்காரர் கவர்களைத் திருட்டுத்தனமாகப் பிரித்துப் படிக்கிறார் என்று அவருடைய மேலதிகாரிக்கு எழுதினோம். நிரூபணமானால் வேலை போய்விடும், அந்தச் சம்பளத்தை நம்பி ஊரில் ஒரு குடும்பம் இருக்கிறது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். இங்கே பெட்டியில் போட்டால் அவர் கையில்தானே சிக்கும்? ஆகவே பஸ் ஏறி வாசுதேவநல்லூர் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். வருகிற வழியெல்லாம் என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் விசாரணை வந்தது. தபால்காரரை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டு, அதிகாரி வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். தபால்காரர் காக்கிச் சட்டை இல்லாமல், துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

“உங்க வீட்டுக் கவர் எதுவும் பிரிஞ்சு வந்திருக்கா?” என்று அப்பாவிடம் அதிகாரி கேட்டார்.

“நான் பாத்ததில்லை. ஆனா ஆட்டுக்காரப் பய. என்ன செய்வான், என்ன செய்யமாட்டான்னு யாரு கண்டா?” என்றார் அப்பா.

அப்போதும் தபால்காரர் தன் பக்கத்தைச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம், ஏன் இந்த மனுஷன் சொல்லமாட்டேன் என்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்போது உள்ளேயிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. புருஷன் போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். ஒரே மகள் கொழும்பில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வெளி ஆட்கள் வந்தால் அத்தை முன்கட்டுக்கே வரமாட்டாள்.

“எந்தக் கவரையும் அவரு பிரிக்கலை. எனக்கு எழுத்துத் தெரியாது. இவுக வாசிச்சுட்டுப் போட்ட எம்மவ கடுதாசியைக் கொல்லை வாசல்ல வச்சு அவருகிட்ட நாந்தான் வாசிக்கச் சொன்னேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டேன்.”

“வாசிக்க வீட்டுல நாங்க இல்லியா?” என்றார் அப்பா.

அத்தை அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். “நாலு மாசத்துக்கு முந்தி மூணு தாளை வாசிச்சுட்டு எங்கிட்ட என்னலே சொன்ன?”

சௌக்கியம் என்று சொல்லியிருந்தேன். அத்தை மனசு கஷ்டப்படும், அப்படியே சொல் என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். கொழும்பு பினாங்காக மாறியிருந்தது, அவ்வளவுதான். அந்தக் கதையை மூன்று தரம் படித்தவன் நான். வங்காளம் வரைக்கும் போய்த் தேடியவன் நான். அந்தச் சொல் என் வாயிலிருந்து போனது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. பெட்டிசன் போட்டதும் நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பத்து நாளில் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அப்பா, ஊருக்குப் பயந்தோ அக்காவுக்குப் பயந்தோ, கொழும்புக்குப் போய் அத்தை மகளைக் கூட்டி வந்தார்.

தபால்காரர் மறுபடி தெருவுக்கு வந்த அன்று நான் வாசலிலேயே காத்திருந்தேன். “உங்க கதையை இந்த மாசம் போட்டிருவோம்” என்றேன். ‘வே’ தானாகவே விழுந்துபோயிருந்தது.

“வேண்டாய்யா. அன்னைக்கு அது கதை. இப்பம் எந்த வீடு, யாருன்னு ஊருக்கே தெரியும். இனி போட்டா அது கோள் சொல்லுததுல்லா?”

நாலு தாளையும் கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அப்புறம் அவர் எங்களுக்கு ஒன்றும் எழுதித் தரவில்லை.

அவர் கதைக்கு விட்டிருந்த பக்கங்கள் காலியாகக் கிடந்தன. இதழ் நிற்கக் கூடாதே என்று ஒரே மூச்சில் நானே ஒன்று எழுதிப் போட்டேன். கோயில் நகை களவு போகிறது. கடைசியில் அது ஒரு ஆட்டுக்காரனின் குடிசையில் கம்பளிக்கு அடியில் அகப்படுகிறது. அப்படி ஒரு குடிசைக்குள் நான் அதுவரை தலையை நீட்டிக்கூடப் பார்த்ததில்லை. எழுதும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பல வருஷம் கழித்து அந்த இதழ் கைக்கு வந்தபோதுதான் பகீரென்றது. படித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் அபிப்பிராயம் எழுதிவைத்திருந்தார்கள். எட்டுப் பேர், எல்லாரும் பாராட்டு. ஆட்டுக்காரன் வீட்டுக்குள் நடப்பது உமக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை.