மஞ்சள் காருக்கு ஒரு ஜாமீன்

என் அக்கா மகனை வேலை செய்யும் இடத்தில் டர்போ என்று கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். காலையிலிருந்து சாயங்காலம்வரை அடுக்குமாடிக் கட்டிடங்களில் லிஃப்டோடு மேலே போவான், கீழே வருவான். அதைவிட மெதுவாகப் போகிற வண்டியை நான் பார்த்ததில்லை. அந்த வேலையில் இருந்துகொண்டு, சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் டிபன் டப்பாவும் இன்னொரு கையில் போனுமாக ரேஸ் கார் வீடியோ பார்த்தால் கூட இருப்பவர்கள் சும்மா விடுவார்களா?

வீடியோ பார்த்த வரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. பழைய கார்களை வாங்கி விற்கும் ஷோரூம் ஒன்றில், காரை மாடிக்கு ஏற்றுகிற பெரிய லிஃப்ட் பழுதாகி இவனைக் கூப்பிட்டார்கள். சரிசெய்த பிறகு வெள்ளோட்டம் விட வேண்டும். பாரம் வேண்டுமே என்று விற்பனையாளர் ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரை உள்ளே ஓட்டிவந்து நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டார். இரண்டே இருக்கை. கூரையை மடித்துப் பின்னால் வைத்துவிடலாம். லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிட்டது. மாடியில் இருந்த இவனுடைய கூட்டாளி கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் இவனும் காரும் தனியாக. சும்மா நிற்பதற்கு உட்காரலாமே என்று உட்கார்ந்திருக்கிறான்.

"மாமா, அதுல உக்காந்துட்டு கையை வெளிய விட்டா தரை எட்டுது மாமா" என்றான் என்னிடம். வேறு எவனாவது கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தால் அப்படிப் பேசுவான்.

எனக்குப் பயமாகிவிட்டது. காரைப் பற்றிய பயமில்லை. அவனுடைய அப்பாவைப் பற்றிய பயம்.

அத்தான் டவுன் பஸ் டிரைவர். யாருக்கும் ஒரு காசு பாக்கி வைக்காத மனிதர். பெருமைக்குச் சொல்லவில்லை, அது ஒரு வியாதி. கடைக்காரர், "சில்லறை இல்லண்ணே, நாளைக்குக் குடுங்க" என்று சொன்னால் வாங்கிய சோப்பைத் திருப்பி வைத்துவிட்டு வருவார். அந்த வீட்டில் கடன் என்பது கெட்ட வார்த்தை. நான் வீட்டுச் சாமான் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். ஒருமுறை தவணை கட்ட முடியாமல் வேனையே வங்கிக்காரன் இழுத்துக்கொண்டு போனான், அதை மீட்க நான் பட்ட பாடு பெரிது. அன்றிலிருந்து மகனுக்கு எதையாவது எடுத்துச் சொல்ல வேண்டுமென்றால், "உங்க மாமாவைப் பாரு" என்பார். நானும் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு டிரைவர் சம்பளத்தில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பையனுக்குத் தொழிற்கல்வி, அத்தனையும் ரொக்கத்தில் எப்படி முடிந்தது என்று யாராவது கேட்டால் அத்தானிடம் பதில் தயார். அக்கா ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறாள். வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது, பயந்து ஓடப் பார்க்கிறவர்களைப் பேசி உட்கார வைப்பது அவள் வேலை. அந்த டாக்டர் போனஸ் கொடுப்பதில் மன்னன். ஃபிரிட்ஜ் ஒரு போனஸ். வாஷிங் மெஷின் ஒரு போனஸ். அத்தானுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது கைகொடுத்ததும் போனஸ்தான். "மனுஷன்னா அவரு மனுஷன்" என்று அத்தான் போகிற இடத்திலெல்லாம் சொல்வார். டாக்டரைத் தெருவில் கண்டால் பஸ்ஸை நிறுத்திக் கும்பிடாத குறை.

அந்தக் காரை வாங்கக் கடன் கேட்டு டர்போ வங்கிக்குப் போனான். கடன் பிரிவில் அவன் வயதே இருக்கும் ஒரு பெண் அதிகாரி. அவனுடைய விவரத்தைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இதுவரைக்கும் எங்கயும் கடன் வாங்கினதே இல்லையா?"

"இல்ல மேடம்" என்று காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான்.

"அதாங்க பிரச்சனை. வாங்கித் திருப்பிக் கட்டியிருந்தாத்தான் உங்களை நம்பலாமா கூடாதான்னு எங்களுக்குத் தெரியும். சின்னதா ஏதாவது தவணையில வாங்குங்க. மாசாமாசம் ஒழுங்கா கட்டுங்க. ஒரு வருஷம் கழிச்சு முன்பணத்தோட வாங்க."

கடன் கிடைக்க வேண்டுமென்றால் முதலில் கடன்காரனாக இருக்க வேண்டும். இந்த நியாயத்தைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. ஆனால் பையன் சொன்னதைச் செய்தான். தவணையில் ஒரு போன் வாங்கினான், அப்பாவுக்குத் தெரியாமல், காதும் காதும் வைத்தாற்போல. மாதம் பிறந்து ஐந்தாம் தேதி தவணை போய்விடும். முன்பணத்துக்காக லீவு நாளிலும் வேலைக்குப் போனான். லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் லீவு நாளில்தான் அதிகம். வேலை முடிந்து ஷோரூம் வழியாக வந்து மஞ்சள் கார் இருக்கிறதா என்று கண்ணாடி வழியே பார்ப்பான். இருக்கும். பிள்ளைகுட்டி உள்ள எவன் இரண்டு சீட் வண்டியை வாங்குவான்?

ஆறேழு மாதம் இப்படியே போனது. ஒருநாள் இவன் குளித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்திருக்கிறது. அத்தானுக்கு அன்று வார விடுமுறை. எடுத்துவிட்டார். ஒரு பெண் குரல் ரொம்ப மரியாதையாக, "சார், உங்க போன் தவணை அஞ்சாம் தேதி. ஞாபகப்படுத்தறதுக்காகக் கூப்பிட்டோம்" என்றது. அத்தான் கத்தவில்லை, மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. எந்தக் கடை என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் விசாரித்துக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு போய், தன் சேமிப்பிலிருந்து மீதி மொத்தத்தையும் ஒரே அடியாகக் கட்டிவிட்டு வந்தார். அடைக்க வருகிறவனை எந்தக் கடை திருப்பி அனுப்பும்?

நான் போனபோது பாக்கி இல்லை என்ற ரசீது சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அதன்மேல் காற்றில் பறக்காமலிருக்க உப்பு ஜாடி. பையன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"யாராவது உன்னைக் கடன்காரன்னு சொல்லிடக் கூடாதுன்னு ஓடினேன்டா" என்றார் அத்தான்.

"அப்பா, என்னைக் கடன்காரன்னு சொல்லணும்னுதான்பா இத்தனை மாசமா கட்டிட்டிருந்தேன்!"

"கடனைக் கட்டினது தப்பா? மச்சான், நீ சொல்லு, தப்பா?"

என்னிடம் போய் அதைக் கேட்கிறார். பையன் எழுந்து உள்ளே போனான். அக்கா ரசீதை எடுத்துப் படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

வங்கி அதிகாரி உதட்டைப் பிதுக்கினாள். கணக்கு பாதியிலேயே முடிந்துவிட்டது, இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இனி யாராவது ஜாமீன் போட்டால்தான் பேசலாம் என்றாள். அதே வாரம் ஷோரூமிலிருந்து தகவல் வந்தது. வேறொருவர் மஞ்சள் காரைக் கேட்கிறார், சனிக்கிழமைவரை நிறுத்தி வைப்பார்களாம்.

அத்தானுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அவருடைய மன்னிப்பு இப்படி வந்தது. "ஜாமீன்தானே? நான் போடறேன். இந்த ஊர்ல என்னைவிட நாணயமானவன் யாருடா?"

வெள்ளிக்கிழமை என் வேனில் நால்வரும் போனோம். அக்கா கிளினிக்கில் அரை நாள் லீவு சொல்லியிருந்தாள். வங்கியில் நாற்காலி மூன்றுதான் இருந்தது, நான் நின்றேன். அத்தான் விறைப்பாக உட்கார்ந்து தன் விவரங்களைச் சொன்னார். அதிகாரி தட்டினாள். மறுபடியும் தட்டினாள்.

"சார், உங்களைப் பத்தி எங்ககிட்ட எதுவுமே இல்லையே."

"எதுவுமே இல்லன்னா நல்லதுதானேம்மா? ஒரு கறுப்புப் புள்ளிகூட இருக்காது."

"வெள்ளைப் புள்ளியும் இல்ல சார். நீங்க எப்படிப்பட்டவர்னு இதுக்குத் தெரியாது. உங்க கையெழுத்தை வச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது, மன்னிச்சுக்கோங்க."

அத்தானுக்கு நான் எப்போதும் பரிந்து பேசுகிறவன் இல்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்க எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. சோப்பைத் திருப்பி வைத்தது, சில்லறைக்காக அரை கிலோமீட்டர் நடந்தது, ஆயுசு முழுக்க சேர்த்த நல்ல பெயர், ஒன்றுமே அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சேரவில்லை. அதிகாரி பேச்சை மாற்றுவதற்காக என்னைப் பார்த்தாள். "என்னைப் பத்தி நிறைய இருக்கும். பாக்காதீங்க" என்றேன்.

டர்போ ஃபைலை மூடி எழுந்துவிட்டான். அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"என் பேரைப் போட்டுப் பாருங்க."

அதிகாரி தட்டினாள். கன்னத்தில் கைவைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "மேடம், எங்க மேனேஜருக்குக்கூட இவ்வளவு ஸ்கோர் இருக்காது" என்றாள். சந்தோஷத்தில் வரிசையாகப் படித்தும் விட்டாள். "ஃபிரிட்ஜ் முடிஞ்சிருக்கு. வாஷிங் மெஷின் முடிஞ்சிருக்கு. கல்விக் கடன் முடிஞ்சிருக்கு. மருத்துவச் செலவுக்கு எடுத்தது முடிஞ்சிருக்கு. ஒரு தவணைகூடத் தாமதமில்ல."

"அது போனஸ்ல வாங்கினது" என்றார் அத்தான் அதிகாரியிடம். "ஏதோ தப்பா இருக்கு. டாக்டர் குடுத்த போனஸ்."

அக்கா மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "அவரு எங்கங்க போனஸ் குடுத்தாரு? வருஷத்துக்கு ஒரு பெட்டி டூத்பேஸ்ட் குடுப்பாரு."

அது உண்மை. அந்த வீட்டுக் குளியலறை அலமாரியில் டூத்பேஸ்ட் தீர்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கே அப்போதுதான் உறைத்தது. பையனுக்கு முகம் செத்துப்போனது.

"வேண்டாம்மா. காரே வேண்டாம். போலாம் வாங்க."

"உக்காருடா" என்றாள் அக்கா. "இத்தனை வருஷம் வாங்கினதெல்லாம் அவசியத்துக்கு. ஆசைக்குன்னு ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும். நீ கட்டுவேன்னு எனக்குத் தெரியும்."

அதிகாரி தாளை நீட்டினாள். அக்கா பேனாவைக் கையில் எடுத்துவிட்டு அத்தானைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கார் அங்கேயே கைவிட்டுப் போயிருக்கும். அவர் அவளைப் பார்க்காமல் அதிகாரியிடம், "எங்க போடணும்னு அவளுக்குக் காட்டுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை ஸ்டூலில், ஃபிரிட்ஜுக்கு எதிரே உட்கார்ந்தார். அக்கா டீ போட்டாள். எனக்கு ஒரு டம்ளர், அவருக்கு ஒன்று. அவர் குடிக்கவில்லை.

"என் ஆபரேஷனுக்கு வாங்கினியே, அது எப்ப முடிஞ்சது?"

"போன வருஷம்."

"அப்ப அத்தனை வருஷமும் நான் கடன்காரனாத்தான் சுத்திட்டிருந்தேன். ஊரெல்லாம் பெருமை பேசிக்கிட்டு."

"நீங்க எங்கங்க? நான்தான் கடன்காரி" என்றாள் அக்கா. "நீங்க ஒருத்தருக்கும் கடன்பட்டதில்ல. டீ ஆறுது, குடிங்க."

குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. அதனாலேயே அவரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வேனைப் பூட்டவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மஞ்சள் கார் வந்தது. முதல் சவாரி அக்காவுக்கு. கிளினிக் வாசலில் இறக்கிவிட்டானாம், கையைப் பிடித்துத் தூக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்ததாம். அத்தான் இரண்டாவது நாள் ஏறினார். காலமெல்லாம் பஸ் சீட்டில் உயரத்தில் இருந்து தெருவைப் பார்த்த மனிதர், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து, "எல்லா வண்டிக்கும் டயர் மட்டும்தான்டா தெரியுது" என்றார். டாக்டரைப் பார்த்தால் இப்போதும் தலையை ஆட்டுவார், கும்பிடுவதில்லை.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்கு முந்தின நாள் நான் அங்கே இருந்தேன். அன்று சம்பளம் வந்திருந்தது. பையன் சோபாவில் சாய்ந்து, கையோடு தவணையைக் கட்டித் தொலைக்கலாம் என்று போனை எடுத்தான். அத்தான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். மறுபடியும் மொத்தத்தையும் போய்க் கட்டிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"நாளைக்குக் கட்டு" என்றார். "அஞ்சாம் தேதின்னா அஞ்சாம் தேதி. முன்னாடியும் வேண்டாம், பின்னாடியும் வேண்டாம். அது உங்கம்மா பேருடா."