ஜெனட் பூசிய பொம்மை

பவளம் ஜொகூரிலிருந்து திரும்பிய அன்று, பையைக்கூடத் தன் வீட்டில் வைக்காமல் நேராக ஞானசுந்தரத்தின் வாசலுக்குத்தான் வந்தாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுக்காரி அவள். அவர் மனைவி ஜெனட்டை அடக்கம் பண்ணின கையோடு மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போனவள், பேரனுக்குத் தலை நிற்கிற வரைக்கும் அங்கேயே தங்கிவிட்டாள்.

"சாப்பிட்டீங்களாண்ணே?" என்றாள். அவர் தலையை ஆட்டினார். மூச்சு விடாமல் அடுத்ததைக் கேட்டாள். "அக்கா செஞ்ச பொம்மைய பாத்தீங்கதானே?"

"எந்தப் பொம்மை?"

"உங்களுக்குன்னு அக்கா கலர் அடிச்சு வச்சாங்களே, அது. பாத்துட்டு நீங்களே போன் பண்ணுவீங்கன்னு நானும் காத்துக் காத்துப் பாத்தேன். இன்னும் பாக்கலையா?"

ஞானசுந்தரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெனட் தன் பிரஷ்ஷைத் தொட்டதாக அவருக்கு நினைவே இல்லை. "பொம்மைக்கு ஜெனட் கலர் அடிச்சாளா? நல்லா தெரியுமா உனக்கு?"

"நீங்க ஆலைக்குப் போன நேரத்துல, என் கண்ணு முன்னாடிதாண்ணே அடிச்சாங்க."

இந்தப் பொம்மை விவகாரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மனுஷனைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள். லயத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஞானசுந்தரம் தேயிலை ஆலையில் ஃபிட்டர். வாலிபத்தில், தோட்டத்துச் சின்ன துரை ஒருவர் மாற்றலாகிப் போனபோது பங்களாவில் ஒரு பிஸ்கட் டின்னை விட்டுப்போனார். தூக்கிப் போடு என்று இவரிடம் கொடுத்தார்கள். திறந்தால் உள்ளே சுண்டுவிரல் உயரத்துக்கு ஈயப் பொம்மைகள். கோடாரி பிடித்த குள்ளன், கொம்பு முளைத்த பூதம், வாள் ஏந்திய எலும்புக்கூடு, கூர்த்தொப்பி வைத்த மந்திரவாதி. அன்றைக்கு விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. சம்பளம் வாங்கி மற்றவர்கள் தண்ணி போட்டார்கள், இவர் பிரஷ்ஷும் பெயிண்ட்டும் வாங்கினார்.

அந்தக் காலத்துப் பொம்மைகளுக்கு இன்றைக்கும் பிரியர்கள் இருக்கிறார்கள். ஈப்போவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பொட்டலம் பொட்டலமாகத் தபாலில் வரும். புதிதாக வருமா? யாரோ எப்போதோ பெயிண்ட்டை அப்பி, சலித்துப்போய், விற்றுத் தொலைத்ததுதான் வரும். அதையெல்லாம் ஹார்லிக்ஸ் போத்தலில் டெட்டாலை ஊற்றி ஊறப்போடுவார். மறுநாள் பல் பிரஷ்ஷால் தேய்த்தால் பழைய பெயிண்ட் தோல் உரிகிற மாதிரி உரிந்து வரும். ஈயம் பளிச்சென்று வெளியே தெரியும்போது அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "வீடு ஆஸ்பத்திரி மாதிரி நாறுது, கொஞ்சம் ஜன்னலத் தொறங்க" என்பாள் ஜெனட்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் வட்டத்தட்டில் நிறுத்தி, காலடியில் தரை அமைப்பார். மலைச்சரிவின் செம்மண்ணைச் சலித்துப் போடுவார். காட்டில் இலை உதிர்ந்து கிடக்கிற மாதிரி தெரிவதற்கு ஆலையில் கூட்டித் தள்ளுகிற தேயிலைத் தூளைத் தூவுவார். அதையும் சட்டியில் நன்றாக வறுத்துத்தான் தூவுவார். இந்த மலையின் ஈரத்துக்கு, வறுக்காத தேயிலை சீக்கிரமே பூஞ்சை பிடித்துவிடும்.

அவர் கைக்கு ஒரு பெருமை உண்டு. கோணவே கோணாது. அரிசியளவு முகத்தில் இரண்டு கண்ணையும் நேர்கோட்டில் வைப்பார். ஆனால் அந்தக் கையோடு சேர்த்து ஒரு வாயும் இருந்தது. வேறு ஆள் பூசின பொம்மை எது வந்தாலும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு திட்டுவார். "இவனுக்கெல்லாம் யாரு பிரஷ் குடுத்தது? மாவு அப்புற மாதிரி அப்பி வச்சிருக்கான். கண்ணு ஒண்ணு கிழக்க போகுது, ஒண்ணு மேற்க போகுது." கல்யாணமான நாளிலிருந்து ஜெனட் இதைக் கேட்டுக்கொண்டுதான் சமைத்தாள். பெயிண்ட் டப்பாக்களை அவள் துடைக்கக்கூட மாட்டாள். மூடி சரியாக மூடவில்லை என்று ஒரு தடவை அவர் கத்தியதிலிருந்து அந்த மேசைப் பக்கமே போனதில்லை.

ஜெனட்டுக்கு நோய் வந்ததும் பொம்மை வேலை நின்றது. ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஆலை முடிந்து வந்தால் ஞானசுந்தரம் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஈப்போவிலிருந்து கடைசியாக வந்த பொட்டலம் மேசைக்கு அடியில் பிரிக்காமல் கிடந்தது.

"அதப் பிரிச்சு வேலயப் பாருங்களேன்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"அது கெடக்கு. எங்க போகுது?"

"கை சும்மா இருந்தா நீங்க என்னையேதான் பாத்துக்கிட்டு இருக்கீங்க. எனக்கு அது பயமா இருக்குங்க."

அவர் மேசைப் பக்கம் போகவில்லை. அவள் போய்ச் சேர்ந்த பிறகு, முப்பதாம் நாள் பூசை முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் போன பிறகுதான், வெறும் வீட்டைப் பார்க்க முடியாமல் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"பொம்மைய எங்க வச்சா? சொல்லு" என்று இப்போது பவளத்திடம் கேட்டார். அவர் குரலில் அத்தனை நாளாக இல்லாத ஒரு உயிர் வந்திருந்தது. செத்தவள் தனக்கென்று ஒன்றை விட்டுப்போயிருக்கிறாள் என்றால் யாருக்குத்தான் வராது?

"மேச அடியில ஒரு பொட்டலம் கெடந்துச்சே, அதுக்குள்ள. ஓரத்துல டேப்ப பிரிச்சு உள்ள விட்டு, மறுபடியும் ஒட்டிட்டாங்க. 'அவரு எப்பவாச்சும் இதப் பிரிப்பாரு, அப்ப பாக்கட்டும், நீ வாயத் தொறக்காத'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

"அத பிரிச்சு ரொம்ப நாளாச்சு பவளம். அதுல அப்படி ஒண்ணும் இல்லையே."

"இருக்கும்ணே. நல்லா பாருங்க."

இருவரும் தேடினார்கள். பொட்டலத்தின் அட்டைப்பெட்டியை இன்னும் எறியவில்லை. அதைக் கவிழ்த்து, உள்ளே சுருட்டி வைத்திருந்த செய்தித்தாளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார்கள். மேசைக்கு அடியில் ஞானசுந்தரம் தவழ்ந்து போய்த் துழாவினார். கட்டிலை நகர்த்தினார்கள், பழைய பிஸ்கட் டின்னைக் கொட்டினார்கள். ஒரு எலும்புக்கூட்டின் ஒடிந்த கை கிடைத்தது, ஜெனட்டின் கொண்டை ஊசி ஒன்று கிடைத்தது. ஊசியை அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"விழுந்து எங்கயாச்சும் உருண்டிருக்கும்" என்றார். "எப்படி இருந்துச்சுன்னு சொல்லு. குள்ளனா? எலும்புக்கூடா?"

"பொம்பளண்ணே. முக்காடு போட்டுக்கிட்டு, கையில கம்ப ஊனிக்கிட்டு, முதுகுல ஒரு மூட்டை. உங்க மேசையில கலர் இல்லாம கெடந்ததுல எடுத்தாங்க. அந்த மூட்டையத்தான் கூடையாக்கி பச்சை அடிச்சாங்க. 'பாரு பவளம், இவளும் கொழுந்து எடுக்கப் போறா'ன்னு ஒரே சிரிப்பு. நாங்க கொழுந்து எடுக்கறப்ப கட்டுவோமே, அந்த மாதிரி இடுப்புல பிளாஸ்டிக்குக்கு மஞ்சள், முக்காடு செவப்பு."

ஞானசுந்தரத்தின் கை பெட்டியின் விளிம்பில் அப்படியே நின்றது.

"பெயிண்ட் ஏது அவளுக்கு? என் டப்பா எதுவும் தொறந்த மாதிரி இல்லையே."

"உங்க டப்பாவத் தொட்டா நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு, எங்கிட்ட நெயில் பாலிஷ் கேட்டாங்க. என் மக பசார் மாலாம் ராச்சந்தையில வாங்கிப் போட்டது கலர் கலரா வீட்டுல கெடந்துச்சு. கீழ ஒட்டுறதுக்கு, குடிச்சிட்டு வச்ச தேத்தண்ணியோட தூள வழிச்சு கம் போட்டு ஒட்டினாங்க. 'நீங்க செஞ்சதுன்னு அண்ணனுக்குத் தெரியுமாக்கா'ன்னு கேட்டேன். 'ஆயிரத்துல ஒண்ணா கெடந்தாலும் என் கை அவருக்குத் தெரியாதா'ன்னாங்க."

ஐயோ பாவம், அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தேடுகிறதை விட்டுவிட்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

அவருக்கு நினைவு வந்துவிட்டது. பொட்டலத்தில் இருந்தது பூராவையும் வழக்கம் போல டெட்டாலில் போட்டார். மறுநாள் எல்லாம் உரிந்து வந்தது, ஒன்று மட்டும் வரவில்லை. கெட்டியாக, பளபளவென்று, பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக ஒட்டிக்கொண்டு நின்றது. பல் பிரஷ்ஷால் தேய்த்தார், நகத்தால் சுரண்டினார், ஊசியால் இடுக்கெல்லாம் நோண்டினார். கடைசியில் தின்னரை ஊற்றிக் கழுவினார். காலடித் தட்டில் தேயிலை வெள்ளையாகப் பூஞ்சை பூத்துக் கிடந்தது. அதைக் கத்தியால் சீவிக் குப்பையில் போட்டார். அன்றைக்கு வீட்டில் கேட்க ஆள் இல்லாவிட்டாலும், வாய் பழக்கம் போகுமா? "எந்த மடையன்டா இதப் பூசினவன்? தேயிலைய காய வைக்கக்கூட தெரியல. கண்ணப் பாரு, கண்ணு! இவன் கையில கட்டி மொளைக்க" என்று தனியாக உட்கார்ந்து திட்டித் திட்டித் தேய்த்தார். வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் அவருக்கு மனசு கொஞ்சம் லேசானது.

எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த ஜெனட்டின் படத்துக்குக் கீழே, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருந்த பொம்மையை எடுத்து வந்தார். அவள் போன பிறகு அவர் செய்து முடித்த முதல் பொம்மை என்று அங்கே வைத்திருந்தார். சாம்பல் நிற முக்காடு, மடிப்புக்கு மடிப்பு நிழல், கம்பின் நுனியில் வெள்ளி. முதுகில் மூட்டை. வந்ததிலிருந்து பவளம் அதற்கு எதிரேதான் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"இதா பாரு" என்றார்.

பவளம் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "மூட்டை இதேதான். ஆனா..." என்றவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"தேச்சுட்டேன் பவளம். தேயிலை ஒட்டியிருந்ததப் பாத்தும் எனக்குத் தெரியல. அவளத்தான் திட்டிக்கிட்டே தேச்சேன்."

பவளம் பொம்மையை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். "தெரியாமத்தானேண்ணே" என்றாள். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

பூதக்கண்ணாடியை எடுத்து மூட்டைக்கும் முதுகுக்கும் நடுவில், முக்காட்டின் உள்பக்கம், கம்பைப் பிடித்த விரல்களுக்கு இடையில் என்று பார்த்தார். மற்றவர்கள் வேலை என்றால் ஏதாவது ஒரு மூலையில் பழைய வர்ணம் பொட்டாவது தங்கியிருக்கும். இவர் எதையும் அரைகுறையாக விடுகிறவர் இல்லையே. ஒரு புள்ளி சிவப்பு கிடையாது. டெட்டால் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதையும் அவர்தான் எப்போதோ கழுவிப் புதிதாக ஊற்றியிருந்தார்.

"அந்த நெயில் பாலிஷ் இருக்கா?"

"இருக்குண்ணே. அக்கா திருப்பிக் குடுத்துட்டாங்க."

"கொண்டா."

தான் பார்த்துப் பார்த்துப் பூசின சாம்பலையும் நிழலையும் வெள்ளியையும் ஞானசுந்தரம் அன்றைக்கே உரித்துப் போட்டார். அதற்காக ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போகாமல் மேசையில் உட்கார்ந்து, பவளம் சொன்ன மாதிரியே மூட்டைக்குப் பச்சை, இடுப்புக்கு மஞ்சள், முக்காட்டுக்குச் சிவப்பு என்று அதே போத்தல்களிலிருந்து பூசினார். தேத்தண்ணி போட்டுக் குடித்து, அந்தத் தூளை வறுக்காமல் ஈரத்தோடு ஒட்டினார். மத்தியானம் பவளத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இந்த மாதிரியா இருந்துச்சு?"

அவள் தயங்கினாள். "கலரெல்லாம் அதேதாண்ணே. ஆனா இது ரொம்ப அழகா இருக்கு. அக்காவுது பச்சை வழிஞ்சு மஞ்சள்ல எறங்கியிருக்கும்."

தின்னரில் கழுவிவிட்டு மறுபடியும் பூசினார். வேண்டுமென்றே பச்சையை நிறைய எடுத்து வைத்தார். அது வழியப் போகிற நேரத்தில் அவர் கை தன்னாலேயே போய் பிரஷ் நுனியால் ஒற்றி எடுத்துவிட்டது. கழுவினார். பிரஷ்ஷை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். அந்தக் கை நடுங்கித்தான் பூசியது. கண்ணுக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு பொட்டு வைத்தார்.

சாயங்காலம் பவளம் மறுபடியும் வந்து பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம் அவள். ஆனால் ஜெனட் விஷயத்தில் பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"கண்ணு நேரா இருக்கேண்ணே" என்றாள். "அக்கா வச்சது ஒண்ணு மேல, ஒண்ணு கீழ இருந்துச்சு. அதப் பாத்துட்டு, 'இதுக்கு எத்தன திட்டு விழப்போகுதோ, பக்கத்துல இருந்து கேக்கணும் போல இருக்கு'ன்னு சிரிச்சாங்க."

ஞானசுந்தரம் பிரஷ்ஷை மேசையில் வைத்தார். கோணாத கை என்று ஊரெல்லாம் சொன்ன கையை மடியில் போட்டுக்கொண்டு, பவளம் நிற்கிறாள் என்றும் பார்க்காமல் அழுதார்.

"எனக்கு அவள மாதிரி வரலையே பவளம்" என்றார்.