ஜெயபால் மாமா வீட்டு சோலார்

ஜெயபால் மாமாவோடு கடைக்குப் போனால் மானம் போய்விடும். ஒரு கிலோ சர்க்கரை வாங்கி, அதை எதிர்க் கடைக்குக் கொண்டுபோய் எடை போட்டுப் பார்ப்பார். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிற மெஷினையும் நம்ப மாட்டார். நாலு நெல்லை வாயில் போட்டுக் கடித்து, "நொறுங்குது கேளுங்க, இதுவா ஈர நெல்லு?" என்று எல்லார் முன்னாலும் மல்லுக்கு நிற்பார். கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அவர் அப்பாவுக்குக் கூலி நெல் அளந்த மரக்கால் ஒரு நாளும் தலைதட்டி நிறைந்ததில்லையாம். அதனால் அவருடைய சந்தேகத்தை முழுக்கக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவர் என்னையே சந்தேகப்பட்டார் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான் மன்னார்குடிப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவன். மாமாவின் மனைவி காளியம்மாள் அத்தைக்கு நுரையீரல் கெட்டுப்போய், வீட்டிலேயே ஆக்ஸிஜன் மெஷின் வைத்திருக்கிறார்கள். கரண்ட் இருந்தால்தான் அது ஓடும். பராமரிப்பு வேலை என்று மாதத்தில் ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்களே, அன்றைக்கு விடிந்ததும் அத்தையையும் மெஷினையும் ஏற்றி, டவுனில் இருக்கும் அவர் தங்கை வீட்டில் கொண்டுபோய் விடுவேன். அங்கே வேறு லைன்.

இந்த அலைச்சலுக்கு ஒரு முடிவு கட்டத்தான் மாமா மாடியில் சோலார் போட நினைத்தார். நான் சோலார் வேலை பார்க்கும் கூத்தாநல்லூர் ஹபீப் முகம்மது பாயை அழைத்துக்கொண்டு போனேன். பாய் மாடியை அளந்தார், தென்னை நிழல் எதுவரை விழுகிறது என்று பார்த்தார். பிறகு கீழே வந்து உட்கார்ந்து சொன்னார்.

"பேட்டரியும் சேத்து வைங்க. பேட்டரி இல்லாம வச்சா பில்லு நல்லாக் குறையும். ஆனா லைன்ல கரண்ட் போச்சுன்னா இதுவும் நின்னுடும்."

"வெயில் அடிக்கிறப்பவுமா?"

"எவ்வளவு வெயில் அடிச்சாலும் நின்னுடுங்க."

பேட்டரி இல்லாமல் ரெண்டு லட்சம், பேட்டரியோடு மூன்றேகால். அரசு தரும் மானியம் ரெண்டுக்கும் ஒரே அளவுதான். பத்து வருஷத்துக்குள் பேட்டரியை மாற்றவும் வேண்டியிருக்கும் என்பதைப் பாய் மறைக்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வெயில்ல ஓடுற சாமான் வெயில்லயே நிக்குமாம். பேட்டரியத் தலையில கட்டப் பாக்குறாரு. உனக்கு இதுல எவ்வளவுடா கமிஷன்?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. இனி இந்த வீட்டு விவகாரத்தில் தலையிடுவதில்லை என்று வந்துவிட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து சோலார் போடுகிற இளவழகன் என்று ஒருவர் வந்து, பேட்டரியெல்லாம் தண்டச் செலவு என்றார். மாமாவுக்கு அது தேனாக இனித்தது; பேட்டரி இல்லாமலே வேலையை அவரிடம் கொடுத்துவிட்டார். அதற்காக அவரையும் சும்மா விடவில்லை. பேனலின் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டார். ஸ்டாண்டு துருப்பிடிக்குமா, நாம் வெளியே அனுப்பும் கரண்டைப் புது மீட்டர் ஒழுங்காகக் கணக்கு வைக்குமா என்று குடைந்து எடுத்தார். முதல் பில் வந்ததும் என் ஆட்டோவை நிறுத்தி, "பாத்தியாடா?" என்று முகத்துக்கு நேரே ஆட்டினார்.

அடுத்த பராமரிப்பு நாளில் ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காலையில் கரண்ட் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் போன் வந்தது.

"டேய் இனியவா, சீக்கிரம் வாடா. மெஷின் நின்னுபோச்சு."

போனபோது காலையிலேயே சுள்ளென்று வெயில். மாடியில் பேனல் பளபளவென்று கண்ணைக் கூச வைத்தது. உள்ளே அத்தை முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்து, வாயால் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. மாமாவோ, எவனோ ஒயரை அறுத்துவிட்டான் என்று மாடியில் தடவிக்கொண்டிருந்தார். போனில் இளவழகனைத் திட்டியபடியே இறங்கி வந்தார். ஸ்பீக்கரில் பதில் கேட்டது.

"அது அப்படித்தான் சார். லைன் இல்லன்னா தானா நின்னுடும். இல்லன்னா நம்ம வீட்டுக் கரண்டு வெளியில போயி, கம்பத்துல வேலை பாக்குறவர அடிச்சிடும்ல."

"இத ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"நீங்க பில்லப் பத்தித்தான சார் கேட்டீங்க."

அத்தையைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்து, தங்கை வீட்டுக்குக் கிளம்பினேன். மாமா மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் புலம்பினார். தஞ்சாவூர்க்காரன் திருடன், மானியம் கொடுக்கிறவன் திருடன் என்று வந்தவர், கடைசியில், "அந்தப் பாயாவது அழுத்திச் சொல்லியிருக்கலாம்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வண்டியை நிறுத்திவிட்டு நாலு வார்த்தை கேட்டுவிடலாமா என்று இருந்தபோது அத்தை பேசினார்.

"பாயி சொன்னப்ப... நான் உள்ளதான் இருந்தேன். அவரு சொன்னது... நெசம்னுதான் பட்டுச்சு."

"அப்ப வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

அத்தை மூச்சு வாங்கிக்கொண்டார்.

"சொன்னா... நீயும் அவங்களோட கூட்டான்னு கேப்பீங்க."

மாமா வாயைத் திறந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அப்படியெல்லாம் கேட்டிருக்க மாட்டேன் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அத்தையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, "வேகமாப் போடா" என்றார்.