ஏழுமலை என்றொரு சொல்

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் ஒரு பழைய பாய்மரப் படகை ஞாயிறுதோறும் தன்னார்வலர்கள் கூடிப் பழுதுபார்க்கிறார்கள். போன வாரம் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். படகுக்குள் குனிந்திருந்த கன்னடப் பெண் ஒருத்தி, "இங்க ஒரு ஏழுமலை இருக்கு," என்று தமிழில் குரல் கொடுத்தாள். தண்ணீர் கசியும் இடத்தைச் சொன்னாள்.

ஏழுமலை என் அப்பாவின் பெயர்.

என் சின்ன வயதிலும் இதே படகுதான். ஏரியை ஒட்டிய எங்கள் ஜோகுபாளையத்து ஆட்கள் கூலியில்லாமல் கூடி, பலகை இடுக்கில் பஞ்சு திணித்து, குங்கிலியம் காய்ச்சிப் பூசுவார்கள். தெருவெல்லாம் அந்த வாசனைதான். எந்த இடுக்கை யார் அடைத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். படகு ஏரியில் இறங்கிய அன்று அப்பா அடைத்த இடம் மட்டும் கசிந்தது. "டேய், ஏழுமலை ஒழுகுறான்டா," என்றார் ஒருவர். கரையே சிரித்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கூரை ஒழுகினால் ஏழுமலை, பால் பாக்கெட் ஒழுகினால் ஏழுமலை, குழந்தைக்கு மூக்கு ஒழுகினாலும் ஏழுமலை. அப்பா படகுப் பக்கம் போவதை விட்டார். வீட்டுக்குள்ளாவது அந்தச் சொல் வரவில்லை என்றிருந்தார்.

புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள் அம்மா. ஒருநாள் சமையலறையிலிருந்து, "என்னங்க, குழாயில ஏழுமலை, வந்து பாருங்க," என்றாள். சொன்ன பிறகே வாயைப் பொத்தினாள். அப்பா வந்து வாஷரை மாற்றினார்.

போன வாரம் படகிலிருந்த அந்தக் கன்னடப் பெண்ணிடம், "ஏழுமலைன்னா யாரும்மா?" என்று கேட்டேன்.

"ஆள் இல்ல அங்கிள். ஒழுகறதுக்குத் தமிழ்ல அதானே வார்த்தை?"

"ஆமாம்மா," என்றேன்.