ஈரக் கொழுந்தில் நின்றுபோன தராசு

வண்டிப்பெரியாருக்குக் கிழக்கே ஒரு தேயிலைத் தோட்டம். அதன் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் மூன்றாம் லயத்தில், நான்காம் வீட்டில் வசிக்கிறார் மோனிஷா. வயது இருபத்தொன்பது. பாலக்காட்டிலுள்ள ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே பணிபுரிகிறார். அதற்கான அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. தந்தை சங்கையா பக்கவாதத்தால் படுத்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரை ஒருபுறமிருந்து மறுபுறம் திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். தாய் வேலுத்தாய் கொழுந்து கிள்ளப் போய்விடுவதால், பகலில் அவரைத் திருப்ப மோனிஷாவை விட்டால் ஆளில்லை.

அவருடைய நிறுவனம், கொழுந்தை எடைபோடும் மின்னணுத் தராசுகளுக்கு நிரல் எழுதுகிறது. அந்நிரல்கள் அனைத்துக்கும் அடிப்படையான தொகுப்பொன்றை மோனிஷா பராமரிக்கிறார். தோட்ட அலுவலகத்தின் விண்டோஸ் கணினியிலும், தராசின் அடியில் லினக்ஸில் ஓடும் சிறு பெட்டியிலும் அத்தொகுப்பு ஒரேபோல இயங்க வேண்டும்.

கணினி அறியாத எனக்கு அவர் இதனை லயத்துக் குளியலறையைக் காட்டி விளக்கினார். ஆறு வீடுகளுக்கு ஒரே குளியலறை. உள்ளே செல்பவர் தாழ்ப்பாள் போடுவார். மற்றவர் வெளியே நிற்பர். தராசின் நிரலிலும் ஒரு வேலை எடையைப் படிக்கிறது, ஒன்று திரையில் காட்டுகிறது, மற்றொன்று அலுவலகத்துக்கு அனுப்புகிறது. மூன்றும் ஒரே எண்ணை ஒரே நேரத்தில் தொட்டால் கணக்குக் குழம்பும். ஆகையால் எண்ணைத் தொடும் வேலை ஒரு பூட்டைப் போட்டுக்கொள்ளும், முடித்ததும் திறந்துவிடும். அந்தப் பூட்டை மூன்றாண்டுகளுக்கு முன் எழுதியவர் மோனிஷாதான்.

சென்ற ஆடி மாதத் தொடக்கத்தில், வேலுத்தாய் வேலைசெய்யும் பிரிவிலேயே முதல் தராசு வைக்கப்பட்டது. வெயில் நாட்களில் குறையின்றி ஓடியது. மழை நாட்களில் திரை அப்படியே உறைந்துவிடும். பெண்கள் முப்பது பேர் சாக்குகளைச் சுமந்தபடி சாரலில் நிற்பார்கள். மேற்பார்வையாளர் ஜோபி மின்னிணைப்பைப் பிடுங்கி மறுபடியும் செருகுவார். அத்துடன் பிழையின் தடயமும் அழிந்துபோகும்.

“மோளே, உள்ள வெள்ளம் ஏறிடுச்சு. வேற ஒண்ணுமில்ல,” என்று மோனிஷாவிடம் தொலைபேசியில் சொன்னார் ஜோபி. தார்ப்பாய் கட்டினார், தராசுக்கென்று ஒரு குடையும் நட்டார். அப்போதும் நின்றது.

“வேலுத்தாயி, ஒம் மக மெஷினுக்குச் சளி புடிச்சிருக்கு. சுக்குக் கசாயம் போட்டு ஊத்து,” என்றாள் வரிசையில் நின்ற பேச்சியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். வேலுத்தாய் சிரிக்கவில்லை.

புதன்கிழமை காலை பூபதிராஜா தொலைபேசியில் அழைத்தார். கொழிஞ்சாம்பாறைக்காரர், மோனிஷாவின் குழுத் தலைவர்.

“ஏனுங்க மோனிஷா, சனிக்கிழமைக்குள்ள சரியாகலீன்னா தோட்டத்துல மெஷினைத் திருப்பி அனுப்பறேன்னுட்டாங்க. அப்புறம் ஊட்டுல இருந்து வேல செய்யறதுக்கெல்லாம் மொதலாளி ஒத்துக்க மாட்டாருங்க. பாலக்காட்டுக்கே வரச் சொல்லுவாரு.”

“அப்பாவ யாரு சார் பாத்துக்குவாங்க?”

“எனக்குத் தெரியுதுங்க. அவருக்குத் தெரியோணுமே.”

அன்றும் மறுநாளும் மோனிஷா நிரலை வரிவரியாகப் படித்தார். பாலக்காட்டார் தங்கள் விண்டோஸ் கணினியில் ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தும் ஒருமுறைகூட நிற்கவில்லை. இடையிடையே எழுந்து தந்தையைத் திருப்பினார். கண்கள் எரிந்தன. வியாழன் மாலை தாய் வீடு திரும்பியபோது, பிழை எங்கே என்று மோனிஷாவுக்கு இன்னும் தெரியவில்லை.

“இன்னைக்கும் நின்னுச்சாம்மா?”

“நின்னுச்சுட்டி. மத்தியானமே மழ விட்டுருச்சு. வெயிலு சுள்ளுன்னு அடிக்கி. மெஷினு மேல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. இருந்தும் நின்னுச்சு.”

“கொழுந்து?”

“அது காலையில கிள்ளுனதுல்லா. சொட்டச் சொட்ட இருந்துச்சு.”

மோனிஷா உடனே நிரலைத் திறந்தார். நனைந்த கொழுந்து வந்தால், நீரின் எடையைக் கழிப்பது தோட்டத்து வழக்கம். அதற்கு ‘ஈரக் கழிவு’ என்றொரு பொத்தான் உண்டு. கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்ட அதனைப் பாலக்காட்டில் விண்டோஸில் மட்டுமே சோதித்திருந்தார்கள். அப்பொத்தானை அழுத்தினால், கழிவுக் கணக்கு முதலில் பூட்டைப் போட்டுக்கொள்ளும்; பின்னர் எடையைப் படிக்கும் பகுதியை அழைக்கும். அப்பகுதியும் அதே பூட்டைக் கேட்கும். பூட்டு வைத்திருப்பவரே மறுபடியும் கேட்டால், விண்டோஸில் மோனிஷா பயன்படுத்திய பூட்டு ஆளை அடையாளம் கண்டு உள்ளே விட்டுவிடும். லினக்ஸில் பயன்படுத்தியது அவ்வாறு விடாது. உள்ளே தாழிட்டவரே, உள்ளிருப்பவர் வெளியே வரட்டும் என்று காத்து நிற்பார். காத்திருப்பு முடிவதேயில்லை. இரண்டும் ஒன்றே என்று மூன்றாண்டுகளுக்கு முன் எண்ணியது மோனிஷாவின் தவறு.

பூபதிராஜாவிடம் சொன்னார்.

“ஒரே வரிதானுங்களே? லினக்ஸ்லயும் அதே மாதிரி விடறாப்ல மாத்திப் போடுங்க.”

“மாத்தலாம் சார். ஆனா ஒரு வேல எண்ணப் பாதி மாத்திட்டு இருக்கையில, அதையே மறுபடி உள்ள விட்டா, நிக்காம தப்பாக் காட்டும். நின்னாலாவது தெரியும். தப்பாக் காட்டுனா, எங்க அம்மா கொழுந்துக் கணக்குதான் கொறையும்.”

பூபதிராஜா, “சரிங்க. சனிக்கிழமையை மறந்துராதீங்க,” என்றார்.

மோனிஷா இரு தளங்களிலும் பூட்டை ஒரேபோல் கண்டிப்பானதாக்கினார். சொந்தப் பூட்டையே மறுபடி கேட்கும் நிரல், இனி விண்டோஸிலும் உடனே பிழை சொல்லி நிற்கும். ஓட்டிப் பார்த்தபோது, அதே தவறு வேறு நான்கு இடங்களிலும் அகப்பட்டது. ஒவ்வொன்றிலும் பூட்டுப் போடும் பகுதியை வெளியேயும், பூட்டுக் கேட்காத பகுதியை உள்ளேயுமாகப் பிரித்து எழுதினார். வெள்ளி மாலை முடிந்தது. சனிக்கிழமை காலை ஜோபி வந்து, நிரலைப் பென்டிரைவில் வாங்கிப் போனார்.

அன்று மழை விடவேயில்லை. மாலையில் வேலுத்தாய் வாசலில் நின்று சேலையைப் பிழிந்தார்.

“முப்பது சாக்குக்கும் அந்தப் பொத்தான அமுக்குனாவ. நிக்கலட்டி.”

“பேச்சியம்மா என்ன சொன்னாவ?”

“சளி போயிருச்சான்னு கேட்டா.”

சற்று நேரத்தில் பூபதிராஜா அழைத்தார். தராசு தோட்டத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். “திங்கக்கெழமையிலிருந்து இன்னும் ரெண்டு டிவிஷனுங்க. நீங்க ஊட்டுல இருந்தே பாத்துக்குங்க. மொதலாளிகிட்டச் சொல்லிட்டேன்.”

“சரிங்க சார்,” என்றார் மோனிஷா.

ஐந்து மணிக்கு, தந்தையைத் திருப்பும் நேரத்துக்கான அலாரம் கைபேசியில் ஒலித்தது. வேலுத்தாய் உதவிக்கு வந்தார்.

“நீ போய் ஈரச்சேலைய மாத்தும்மா. நான் பாத்துக்கிடுதேன்.”

மோனிஷா தந்தையின் தோளுக்கடியில் ஒரு கையும், இடுப்புக்கடியில் ஒரு கையும் கொடுத்து, அவரைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பினார். முதுகைத் தடவிப் பார்த்தார். புண் இல்லை. கைபேசியில் ஏழு மணிக்கு மறுபடியும் அலாரம் வைத்தார்.