யார் மருந்தில் இறங்கியது அந்தக் காய்ச்சல்?

தொண்ணூறுகளின் கடைசி. என் கணவருக்கு மத்திய அரசு வேலை. மாற்றலாகிக் கல்கத்தா வந்து ஜாதவ்பூரில் குடியிருந்தோம். சிறு வயதிலிருந்தே எனக்கொரு தொல்லை உண்டு. மாதம் தவறாமல் கடும் காய்ச்சலும் வயிற்றைச் சுருட்டும் வலியும் வரும், மூன்றாம் நாள் இறங்கிவிடும். மறுநாளே கரியாஹாட் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டு நிற்பேன். அதனாலேயே யாரும் அதை வியாதியென்று நம்பவில்லை.

இறங்கியதும் ஆளாளுக்குப் பெயர் தட்டிக்கொண்டு போவார்கள். டாக்டர் தன் ஆன்டிபயாடிக் என்பார், கணவர் தான் வைத்த கஷாயம் என்பார். எதிர்வீட்டு வங்காளிப் பெண்மணியை பௌதி, அதாவது அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவர், "அம்போல், ஷொப் அம்போல்!" என்று வயிற்றுப் புளிப்பின்மேல் பழியைப் போட்டு, ஹோமியோபதி உருண்டைகளை என் நாக்கில் வைப்பார்.

ஒருமுறை சர்ஜன் வயிற்றை அழுத்திப் பார்த்து, குடல்வாலை எடுக்க நாளே குறித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தானாகப் போகிற வலிக்குக் கத்தி எதற்கு?

"அடுத்த தடவை ஒரு மருந்தும் தொடமாட்டேன். மூணாம் நாள் போகலைன்னா நானே வந்து ஆபரேஷனுக்குப் படுத்துக்கறேன்" என்று சர்ஜனிடம் சொன்னேன். "அடம் பிடிக்காதே" என்று கணவர் கெஞ்சினார். நீங்கள் யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள். நிஜமாகவே குடல்வாலாக இருந்திருந்தால் போய்ச் சேர்ந்திருப்பேன்.

குறித்த நாளுக்கு முன்பே வலி வந்தது. பௌதி மருந்துச் சீசாவும் கையுமாகத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வியர்த்துக் கொட்டி, எழுந்து உட்கார்ந்தேன்.

"ஒண்ணுமே சாப்பிடலை. இப்ப யார் மருந்துன்னு சொல்லுங்க" என்று சர்ஜனிடமே போய்க் கேட்டேன். திட்டித் தீர்த்தார். ஆனாலும் ஆபரேஷனைத் தள்ளிவைத்து, மூட்டுநோயோடு இப்படி வந்து வந்து போகும் காய்ச்சலையும் பார்க்கும் ஒரு லேடி டாக்டரிடம் அனுப்பினார். அந்த அம்மாள் வலி இருக்கும்போதும் இல்லாதபோதும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். கிருமி எதுவும் இல்லாமலே உடம்பு தானாக அழற்சியை மூட்டிக்கொள்ளும் பிறவிக் கோளாறாம். தினமும் ஒரு சின்ன மாத்திரை போடவேண்டும் என்றார்.

"ஆயுசு பூராவுமா?" என்று கணவர் முகம் வாடினார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இத்தனை வருஷம் பட்ட பாட்டுக்கு மாத்திரை ஒரு பொருட்டா?

தன் உருண்டைதான் குணமாக்கியது என்று பௌதி இன்றும் போனில் சொல்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும். வலி எப்போதாவது தலைகாட்டுகிறது. ஆனால் என்னைக் கேட்காமல் என் உடம்பைப் பற்றி முடிவுகட்ட, அன்றிலிருந்து நான் ஒருவரையும் விட்டதில்லை.